நாளையிலிருந்து படிக்கிறவர்

புத்தகம் படிக்கிறவரை உங்களுக்குத் தெரியும். படிக்காதவரையும் தெரியும். இந்த இரண்டு பேருக்கும் நடுவில், படிப்பதற்குத் தயாராகிக்கொண்டே இருக்கிற ஒருவர் உண்டு. அவரை இப்போது உங்கள் முன்னால் கொண்டுவந்து நிறுத்துகிறேன். அஞ்சாம் கிளாஸோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டு, எவன் தயவும் இல்லாமல் லாரி முதலாளியானவன் சொல்கிறேன், கேளுங்கள்: லோடு ஏற்றாத வண்டியைச் சத்தத்தை வைத்தே சொல்லிவிடலாம். இவரையும் அப்படித்தான்.

விழுப்புரம் சீனுவாசனை எடுத்துக்கொள்ளுங்கள். திண்டிவனத்தில் ஓர் அலுவலகத்தில் கண்காணிப்பாளர். புத்தகத் திருவிழா வந்தால் இரண்டு கையிலும் பை கனக்கத் திரும்புவார். வாங்கியவற்றை மேஜையில் விசிறிபோலப் பரப்பி, பக்கத்தில் காபி டம்ளரை வைத்து, ஆவி அடங்குவதற்குள் படம் எடுத்துப் போட்டுவிடுவார். அப்புறம் ஒவ்வொன்றிலும் பெயர் எழுதுவார், தேதி எழுதுவார், அட்டை போடுவார், அலமாரியில் உயரவாரியாக நிறுத்துவார். படிப்பாரா? அவசரப்படாதீர்கள். முதலில் கண்ணுக்கு இதமான விளக்கு வேண்டாமா? முதுகுக்கு ஏற்ற நாற்காலி வேண்டாமா? அதெல்லாம் வந்த பிறகு, "படிக்கும் நேரம்" என்று தினமும் நினைவூட்டுகிற ஆப் ஒன்றைப் போனில் ஏற்றினார். அது மாலையில் மணியடிக்கும். மணியை நிறுத்தப் போனைக் கையில் எடுப்பார். எடுத்த போன் இராத்திரிச் சாப்பாட்டுக்குத்தான் கீழே இறங்கும்.

"நாளையிலிருந்து" என்பார்.

"வெளக்கு வந்துடுச்சி, நாற்காலி வந்துடுச்சி. படிக்கறதுக்கும் ஒரு ஆள வெச்சிட்டீங்கன்னா பேஜாரு முடிஞ்சிடும்" என்பாள் மனைவி கவிதா.

அந்தக் கேலியெல்லாம் அவர் தோலைத் தொடாது. 'கவனச் சிதறலே இந்தக் காலத்தின் நோய்' என்று போனில் நீளமாக ஒன்று எழுதிப் போட்டுவிட்டு, எத்தனை பேருக்குப் பிடித்திருக்கிறது என்று நிமிஷத்துக்கொரு தடவை பார்த்துக்கொண்டிருப்பார்.

அதற்காக, அவர் புத்தகத்தை உபயோகிக்கவே இல்லை என்று சொன்னால் அது அபாண்டம். அவரிடம் செங்கல் கனத்துக்கு ஒரு நாவல் இருந்தது. அது தினமும் உழைத்தது. எப்படி என்கிறீர்களா?

காலையில் விழுப்புரம் பஸ் ஸ்டாண்டுக்குள் பஸ் திரும்பும்போதே ஜனம் பக்கவாட்டில் ஓடும். ஜன்னல் வழியாக ஒருவர் துண்டு போடுவார், இன்னொருவர் டிபன் பையைத் திணிப்பார், குழந்தையையே உள்ளே விட்டு இடம் பிடிப்பவர்களும் உண்டு. இதில் கர்ச்சீப்புக்கு மரியாதை இல்லை, சுண்டிவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள். ஆனால் புத்தகம்? எவ்வளவு முரட்டு ஆளாக இருந்தாலும் நம் ஊரில் புத்தகத்தின்மேல் உட்கார மாட்டான். தப்பித்தவறிக் கால் பட்டாலே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற ஜனம். இந்த ரகசியத்தைச் சீனுவாசன் பிடித்துக்கொண்டார். நாவல் ஜன்னல் வழியாகப் பறக்கும், சீட்டில் பொத்தென்று விழும். அவர் நிதானமாக ஏறி வருவார்.

அந்தச் சீட்டுக்குப் பக்கத்தில், உளுந்தூர்பேட்டையிலிருந்தே உட்கார்ந்து வருகிறவர் அந்தோணிமேரி. திண்டிவனத்தில் கணக்கு டீச்சர். முதல் நாள் நாவல் அவர் மடியிலேயே விழுந்தது. "மண்டைய ஒடைக்கறதுக்கு வேற எதுவும் கெடைக்கலையாங்க சார்?" என்றவர், புரட்டினார். சீனுவாசன் உட்கார்ந்து போனை எடுத்தார். டீச்சர் திண்டிவனம் வரைக்கும் தலை நிமிரவில்லை. மறுநாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும். விக்கிரவாண்டி டோல்கேட்டில் பஸ் நிற்கும்போது எல்லோரும் வேர்க்க விறுவிறுக்க வெளியே எட்டிப் பார்ப்பார்கள். டீச்சருக்கு மட்டும் அது பக்கம் புரட்டுகிற நேரம்.

இப்படிச் சுகமாகப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில்தான் தலைவர் பதவி வந்து குறுக்கே நின்றது.

திண்டிவனத்தில் ஒரு வாசகர் வட்டம். அதன் பழைய தலைவர் மகன் வீட்டோடு பெங்களூர் போய்விட்டார். நாற்காலிக்கு இரண்டு பேர்: ஒருவர் சீனுவாசன், மற்றவர் சித்தார்த்தன் என்கிற வக்கீல். அந்த நாவலைப் பற்றி ஞாயிற்றுக்கிழமை சீனுவாசன் பேச வேண்டும், பேச்சைக் கேட்டுவிட்டுக் கூட்டம் முடிவு செய்யும் என்று ஏற்பாடு. ஏன் அந்த நாவல்? எப்போதும் அவர் கையில் அதுதானே இருக்கிறது!

சனிக்கிழமை பஸ்ஸில் சீனுவாசன் போனை எடுக்கவில்லை.

"டீச்சர், இந்தக் கதைய உங்க வாயால கொஞ்சம் சொல்லுங்களேன்."

"பொஸ்தகம் உங்களுது. கதைய என்னாண்ட கேக்கறீங்க?"

"ஒரு வாசகி எப்படிப் பாக்கறாங்கன்னு தெரிஞ்சிக்கலாம்னுதான்…"

டீச்சர் அவரை மேலும் கீழும் பார்த்தார். தப்புக் கணக்குப் போட்டுவிட்டு எட்டிப் பார்க்கிற பையனைப் பார்ப்பதுபோல. பிறகு சொன்னார். கரும்பு விவசாயி பெரியதம்பி ஒருநாள் காணாமல் போகிறான். மனைவி வெள்ளையம்மாள் ஊரெல்லாம் தேடுகிறாள். கடைசியில் அவர்களுடைய மோட்டார் கொட்டகையிலேயே பூட்டை உடைத்துக் கதவைத் தள்ளுகிறாள்.

"தள்ளினா? உள்ள யாரு?"

"எனக்கெப்படித் தெரியும்? நேத்து அந்த எடத்துலதான் ஸ்டாப்பிங் வந்துடுச்சி. நீங்கதான் பொஸ்தகத்த வீட்டுக்குத் தூக்கிக்கினு போயிடறீங்களே! குடுங்க இப்டி, முடிச்சிட்டுச் சொல்றேன்."

ஆனால் கதை சொன்னதிலேயே திண்டிவனம் வந்துவிட்டது.

மிச்சமிருந்தது கடைசி அத்தியாயம்தான். அன்று மாலை சீனுவாசன் விளக்கைப் போட்டார், நாற்காலியில் சாய்ந்தார், உண்மையாகவே அந்தப் பக்கத்தைத் திறந்தார். ஆப் மணியடித்தது.

அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் பேசினார். நன்றாகவே பேசினார், டீச்சர் சொல்லிக்கொடுத்த பாடமாயிற்றே. வெள்ளையம்மாளைக் கொட்டகை வரைக்கும் கொண்டுவந்து நிறுத்தி, "அந்தக் கதவுக்கு அந்தாண்ட இன்னா இருந்துது?" என்று கேட்டுவிட்டுத் தண்ணீர் குடித்தார். கூட்டம் அசையவில்லை. வேறு வழியில்லாமல் அவரும் அசையவில்லை.

சித்தார்த்தன் எழுந்தார். "அந்த முடிவப் பத்தி உங்க கருத்த சொல்லுங்க."

சீனுவாசன் காலி டம்ளரையே இன்னொரு தடவை வாயில் கவிழ்த்துக்கொண்டார். நாற்காலி போயிற்று, மானமும் போகப்போகிறது. எங்கிருந்துதான் அந்தத் தைரியம் வந்ததோ! "நானே பேசிக்கினு இருந்தா எப்படிங்க? வக்கீல் சாரும் படிச்சிருக்காரு. முடிவ அவரே சொல்லட்டும்."

மண்டபம் முழுக்க வக்கீலைத் திரும்பிப் பார்த்தது.

"அது… வேணாங்க" என்றார் சித்தார்த்தன். "முடிவச் சொல்லிட்டா, படிக்காதவங்களுக்கு ருசி போயிடும் பாருங்க." உட்கார்ந்துவிட்டார்.

"வேற யாராச்சும்?" என்றார் சீனுவாசன், குரலில் ஒரு தெம்போடு. ஒருவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். ஒருவருக்கு இருமல் வந்தது. மற்றவர்களுக்குப் போன் வந்தது. ஒருமனதாகச் சீனுவாசன் தலைவரானார்.

திங்கட்கிழமை டீச்சர் திண்டிவனத்துக்கு முன்னாலேயே நாவலை முடித்து, மூடி, அவர் மடியில் வைத்தார்.

"முடிஞ்சிது சார். நாளைக்கி வேற பொஸ்தகம் போடுங்க."

"இதுவே போதுங்க டீச்சர். கனமா இருக்குது, காத்துல பறக்காது."

"படிச்சதையே போட்டீங்கன்னா, தூக்கி மேல வெச்சிட்டு சீட்ட வேற ஆளுக்குக் குடுத்துடுவேன். இந்த பஸ்ஸுல எல்லாரும் உக்காந்துக்கினு வரணும்னுதான பாக்கறாங்க?"

அன்றிலிருந்து தலைவர் மாதம் தவறாமல் புதுப் புத்தகம் வாங்குகிறார். டீச்சர் கதை சொல்கிறார். வட்டத்தில் அவர் அதைப் பேசுகிறார். இவ்வளவு படிப்பாளியைத் திண்டிவனம் பார்த்ததில்லை என்று பெயர். கொட்டகைக் கதவுக்குப் பின்னால் என்ன இருந்தது என்று மட்டும் அவர் இன்னும் கேட்கவில்லை. அதை அவரே படிக்கப் போகிறாராம். நாளையிலிருந்து.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், நஷ்டமில்லை. ஆனால் இதைப் படிக்க ஆரம்பித்ததிலிருந்து நடுவில் எத்தனை முறை போனைத் திருப்பிப் பார்த்தீர்கள்? அட, அதைக்கூட விடுங்கள். தலைப்பைப் பார்த்துவிட்டு நேராகக் கடைசிப் பாராவுக்கு இறங்கி, 'அருமையான கட்டுரை' என்று நாலு பேருக்கு அனுப்பத் தயாராக இருக்கிறீர்களே, உங்களைத்தான் கேட்கிறேன்: அந்த டீச்சர் பெயர் என்ன?