பையில் காந்தம் வைத்திருப்பவர்

ஏமாறாதவர் என்று ஓர் இனம் உண்டு. பழைய கார் வாங்கப் போவதாக வாய் தவறிச் சொல்லிப் பாருங்கள். நீங்கள் மாடிப்படியில் நின்றாலும் சரி, மருந்துக்கடை வரிசையில் நின்றாலும் சரி, அடுத்த நிமிடம் இவர் உங்கள் பக்கத்தில் இருப்பார்.

சட்டைப்பையில் சின்னதாக ஒரு காந்தம். அதைக் கதவில் வைத்துப் பார்த்து, ஒட்டாத இடத்தில் பட்டி பூசி நசுங்கலை மறைத்திருக்கிறார்கள் என்று அறிவித்து, டயரை உதைத்து, ஆயில் கம்பியை உருவி முகர்ந்து, சீட்டுக்கு அடியில் கையை விட்டு வெள்ளத்தில் மூழ்கிய வண்டியா என்று சேற்றைத் தேடி, கடைசியில் விற்பவரை ஏற இறங்கப் பார்ப்பார். விற்பவர் பாவம், கணக்கு வாத்தியார். அவருக்கே வியர்த்துவிடும்.

"என்னை ஏமாத்த இனிமேதான் ஒருத்தன் பொறந்து வரணும்" என்பார்.

வந்தான்.

இவருடைய தங்கை ஆஸ்பத்திரியில் நர்ஸ். இரண்டு பஸ் மாறி வேலைக்குப் போகிறவள். மூன்று வருடச் சேமிப்பை அண்ணன் கையில் கொடுத்து, நல்ல வண்டியாகப் பார் என்றாள். இணையத்தில் ஒரு வெள்ளைக் கார் அகப்பட்டது. விலை மட்டும் கொஞ்சம் அதிகமாகவே குறைச்சல். இவர் சும்மா விடுவாரா? படம் கேட்டார், பதிவுப் புத்தகம் கேட்டார், என்ஜின் ஓடும் சத்தத்தைக்கூடப் பதிவு செய்து அனுப்பச் சொன்னார். எல்லாம் வந்தன. பிறகு போனும் வந்தது.

"இருபது பேர் கேட்டாங்க சார். என்ஜின் சத்தம் கேட்டவர் நீங்க ஒருத்தர்தான். உங்களை மாதிரி விவரமானவங்களை யாரால ஏமாத்த முடியும்? பாதிப் பணத்தைப் போட்டுடுங்க, வேற யாருக்கும் வண்டியைக் காட்ட மாட்டேன்."

காந்தம் பையிலேயே இருந்தது. பணம்தான் போனது.

கொடுத்த முகவரியில் ஒரு சலவைக்கடை. கடைக்காரர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, "வெள்ளைக் காரா? இந்த வாரத்துல நீங்க அஞ்சாவது ஆள்" என்றார்.

தங்கை மறுநாளும் முதல் பஸ்ஸைப் பிடித்தாள். எனக்கு அதுதான் மனசு ஆறவில்லை. அண்ணனோ அதற்குள் குடும்ப வாட்ஸப் குழுவில், கார் வாங்குவோர் ஏமாறாமல் இருக்கப் பத்து வழிகள் என்று எழுதி முடித்திருந்தார். வண்டியை நேரில் பார்க்காமல் பணம் அனுப்பாதீர்கள் என்பது ஒன்பதாவது வழி.

நீங்கள் அந்த ரகம் இல்லை, எனக்குத் தெரியும். ஒரு கேலிக் கட்டுரையைக்கூட வரி விடாமல் இவ்வளவு கவனமாகப் படிக்கிறவரை யாரால் ஏமாற்ற முடியும்?

இப்போது லேசாகச் சிரித்துக்கொண்டீர்களே, போனில் அவரும் இந்த இடத்தில்தான் சிரித்தார்.