அண்ணன் இல்லாமலும் ஓடுகிற காப்பி மெஷின்

நேப்பிள்ஸ்

மதிப்பிற்குரிய அண்ணன் சபத்தீனோ அவர்களுக்கு, தங்கை ஃபிலொமேனா பணிவன்புடன் எழுதுவது. இங்கே யாவரும் சுகம். டூரினில் மகள் வீட்டில் இருக்கும் தங்கள் முழங்காலைக் குளிர் வாட்டாதிருக்க மாதாவை வேண்டுகிறேன்.

தங்கள் காப்பி கருகல் என்று நம் கடை வாடிக்கைக்காரர்கள் முன்னால் நான் சொன்னதற்காக (கருகல்தான்) பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனீர்களே, அப்போது "நான் இல்லாம இந்த மெஷின் ஒரு வாரம் தாங்காதுடி!" என்று தெருவுக்கே கேட்கக் கத்தினீர்கள். தவறு. இரண்டு வாரம் தாங்கியது. பிறகு ஒரு ஞாயிறு, பூசை முடிந்து கூட்டம் நெருக்கும் நேரத்தில், கைப்பிடியைக் கீழே இழுத்தேனோ இல்லையோ, அது விருட்டென்று மேலே பாய்ந்து என் தாடையில் ஒன்று வைத்தது. காப்பி பக்கவாட்டில் பீய்ச்சியடித்துப் பங்குச்சாமியாரின் அங்கியை நனைத்தது. எதிர்க்கடை ரொசாரியா, "பேசாம அண்ணனைக் கூப்பிடு" என்றாள். "செத்தாலும் மாட்டேன், நானே கத்துக்கிறேன்" என்றேன்.

கற்றுக்கொடுக்க ஆள் வேண்டுமே! மெஷின் கம்பெனியில், "எங்கள் ஆட்களுக்கு மட்டும்தான் சொல்லித்தருவோம்" என்றார்கள். தொழிற்பள்ளியில் வயதைக் கேட்டார்கள். அறுபத்தொன்று என்றதும் போன் சிரித்தது. இன்னொரு இடத்தில் சேர்ந்தேவிட்டேன், அங்கே பால் நுரையில் இலைப் படம் போடத்தான் சொல்லித்தந்தார்கள், ஒருத்தனும் மெஷினைத் திறக்கவில்லை. கடைசியில் ரயிலடிப் பக்கம் உதிரிபாகக் கடை வைத்திருக்கும் நோயெமி என்ற பெண், என் மகள் வயசுதான், அவள் சேர்த்துக்கிட்டா.

"அக்கா, முதல்ல கரண்டை நிறுத்துங்க. ஆவி முழுக்க வெளிய போகட்டும். அவசரப்பட்டா மூஞ்சிய வேக வெச்சிரும்."

அப்புறம் தன் கடையில் இருந்த, நம்முடையதைப் போலவே ஒரு பழைய மெஷினைத் திறந்தாள் அண்ணா! செம்புக் கொதிகலனுக்குள்ளே சுண்ணாம்பு படிந்து குகை மாதிரி வெள்ளை வெளேரென்று இருந்தது. கைப்பிடிக்குள்ளே சுண்டுவிரல் கனத்தில் ஒரு சுருள்வில். ஒரு பிடி காப்பித்தூளுக்குள் வெந்நீரை அமுக்கித் தள்ளுவது அந்த ஒற்றை வில்தானாம். நான் சிலுவை போட்டுக்கொண்டேன். இத்தனை வருஷம் நம்ம மெஷின் முகத்தைத்தானே துடைச்சுக்கிட்டிருந்தேன், வயித்துக்குள்ள இவ்வளவு இருக்குன்னு யார் கண்டா!

போன வியாழன் நோயெமி கைகட்டி நிற்க, நம் கடை மெஷினை நானே பிரித்தேன். நைந்த ரப்பர் வளையங்களை மாற்றி, பூட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு கைப்பிடியை இழுத்தேன். நின்றது. அப்புறம் மெல்ல மெல்ல மேலே ஏற, எலிவால் கனத்தில் காப்பி இறங்கியது. ரொசாரியா குடித்துவிட்டு இன்னொன்று கேட்டாள்.

ஆகவே தாங்கள் வரத் தேவையில்லை. டூரினிலேயே நிம்மதியாக இருங்கள். மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் என் முத்தங்கள். நம் ஊர்ப் புனிதர் சான் ஜென்னாரோ தங்களைக் காக்கட்டும்.

தங்கை,
ஃபிலொமேனா

பின்குறிப்பு: கொதிகலனுக்குப் பின்னால் தாங்கள் பற்றவைத்த குழாயை நோயெமி டார்ச் அடித்து ரொம்ப நேரம் பார்த்தாள். "யாரு பண்ணதுக்கா இது? ஒரு பிசிறு இல்லையே! எனக்கு இது வராது. அவரை வரச் சொல்லுங்க, நான் கத்துக்கணும்" என்றாள். சனிக்கிழமை வர்றீங்கன்னு தெரு முழுக்கச் சொல்லிட்டேன். வந்து சேருங்க. காப்பி மட்டும் நான்தான் போடுவேன்.