சென்டர் பார்வர்டுக்குக் கலியாணம்

ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடியும் நேரத்தில் ஃபாதர் கலியாண ஓலை வாசித்தார். சிலுவைமுத்து அப்போது கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார். மணமகன் கீழத்துறைப் பங்கைச் சேர்ந்த அபின் என்று கேட்டதும் வாய் திறந்தபடியே நின்றது. மணமகள் மேலத்துறைப் பங்கைச் சேர்ந்த பெமிலா என்று கேட்டதும் மூடிக்கொண்டது.

"இத்திருமணத்துக்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் பங்குத் தந்தையிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள்" என்று ஃபாதர் முடித்தார்.

"எனக்குத் தெரியும்" என்று முணுமுணுத்தார் சிலுவைமுத்து.

பக்கத்தில் இருந்த ஷாஜன் குனிந்தான். "என்ன அண்ணே தெரியும்?"

"மேலத்துறைக்காரன் பொண்ணக் காட்டி நம்ம சென்டர் பார்வர்டைக் கொண்டுபோறான்ல. இது கலியாணக் கெட்டு இல்ல, களவு."

அவர் சொன்னதில் பாதி நியாயம் இருந்தது. இந்தக் கரையில் பெண்ணுக்குத்தான் வீடு கொடுப்பார்கள். மாப்பிள்ளை பெண்ணின் ஊரில் போய்க் குடியிருப்பான். எந்தப் பங்கில் குடியிருக்கிறானோ அந்தப் பங்குக்குத்தான் பந்து விளையாட வேண்டும் என்பது கடற்கரை லீக்கின் சட்டம். கலியாணம் நோன்புக்கு முன்னால். லீக் முடிவது ஈஸ்டருக்குப் பின்னால். ஆக, மிச்சப் பாதி சீசனில் அபின் மேலத்துறை பனியனைப் போட்டுக்கொண்டு கீழத்துறைக்கே கோல் அடிக்க வருவான்.

சிலுவைமுத்து ஐஸ் கடை வைத்திருந்தார். கீழத்துறை ரசிகர் கமிட்டிக்கு அவர்தான் தலைவர். யாரும் ஓட்டுப் போட்டு வந்த பதவி அல்ல. கடை வாசலில் அவருடைய பெஞ்சு கிடந்தது. அதில் உட்கார வருகிறவர்கள் கமிட்டி. பெஞ்சு யாருடையதோ அவன் தலைவன். உலகத்தில் பெரிய கமிட்டிகளும் இப்படித்தான் நடக்கின்றன.

அன்றைக்குப் பெஞ்சில் அரைச் சீசன் கணக்குப் பார்ப்பது என்று முன்பே முடிவாகியிருந்தது. பூசை முடிந்து எல்லாரும் நேரே அங்கே வந்தார்கள்.

கீழத்துறை அணியைக் கட்டியெழுப்பிக்கொண்டிருந்தார்கள். முன்பெல்லாம் பூவாறு பக்கமிருந்து ஆள் இறக்கினார்கள். வந்தவர்கள் நன்றாக விளையாடினார்கள், நன்றாகச் சாப்பிட்டார்கள், வேறு ஊர்க்காரன் கூப்பிட்டதும் பஸ் ஏறினார்கள். அதற்குப் பிறகுதான் இனி சொந்தப் பையன்கள் போதும் என்று லீக்கே சட்டம் போட்டது. கோச்சாக ஜஸ்டஸ் வந்தார். இரண்டு வருடமாக அணியைக் கட்டுகிறார். வீடென்றால் இதற்குள் கூரை போட்டுப் பால் காய்ச்சியிருக்கலாம்.

"ஆறு களியில அஞ்சு தோல்வி, ஒண்ணு சமம்" என்றான் ஷாஜன். "கடைசி இடத்துல கெடக்கோம். இப்படியே முடிஞ்சா அடுத்த வருசம் லீக்ல எடம் இல்ல."

"தோல்விய மட்டும் எண்ணப்பிடாது மக்கா" என்றார் சிலுவைமுத்து. "போன வருசம் களிக்கு ஆறு கோல் வாங்கினோம். இந்த வருசம் மூணு. பாதியாட்டு கொறஞ்சிருக்கு. இதுக்குப் பேருதான் முன்னேற்றம்."

"நாம அடிச்சது மொத்தம் நாலு அண்ணே."

"நாலும் ஆரு அடிச்சது? அபின். பந்தோட மூணு பேர வெட்டிட்டுப் போவான். திரும்பி வந்து அதே மூணு பேர இன்னொருக்க வெட்டுவான். அதுக்கே டிக்கெட் போடலாம்."

"மத்த பத்து பேரும் ஒண்ணுகூட அடிக்கலியே?"

"அவனுவளுக்கு எங்கல பந்து கிட்டுது? அபின் இருக்கதுனால இந்த அளவுல நிக்கோம். அவனும் போனா டீமுமில்ல, ஒரு எளவுமில்ல."

ஜஸ்டஸ் பெஞ்சில் உட்காரவில்லை. கழுத்தில் விசிலோடு ஓரமாக நின்று கடலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கோச்சு என்ன சொல்லுகீரு?" என்றார் சிலுவைமுத்து.

"கெட்டு நல்ல காரியம்லா" என்றார் ஜஸ்டஸ். "நடக்கட்டும். பயலுக்கும் வயசாச்சு."

ஜஸ்டஸ் போனபிறகு சிலுவைமுத்து குரலைத் தாழ்த்தினார். "பாத்தியா, ஆளு போறான்னு ஒரு பதற்றம் உண்டா? இந்த மனுசன் என்னத்தையோ மனசுல வெச்சிருக்காரு."

எல்லாரும் தலையாட்டினார்கள். கோச்சை நம்பாமலிருப்பதில் கமிட்டிக்குள் எப்போதும் ஒற்றுமை இருந்தது.

மறுநாள் சிலுவைமுத்து வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு ஃபாதரைப் பார்க்கப் போனார்.

"அபின் கலியாணத்துக்கு ஒரு தடை இருக்கு ஃபாதர்."

ஃபாதர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார். "சொல்லும்."

"கோல் அடிக்க வேற ஆளு இல்ல."

"திருச்சபைச் சட்டத்துல அது தடை இல்ல."

"நோன்பு கழிஞ்சு வெச்சா லீக்கும் முடிஞ்சிரும் ஃபாதர்."

"முடியாது. வேற ஏதாவது உண்டா? வேற கெட்டு, உறவுமுறை, அப்படி?"

உறவுமுறை என்ற வார்த்தையை ஃபாதர் சொல்லியிருக்கக் கூடாது. சிலுவைமுத்து அதைத் தாவிப் பிடித்துக்கொண்டார்.

"அதான் ஃபாதர் சொல்ல வந்தேன். ரெண்டும் அண்ணன் தங்கச்சி முறை. அபின் என்னைச் சித்தப்பான்னுதான் விளிப்பான். எனக்கு மகன் முறை. எனக்க பொண்டாட்டி மேலத்துறைக்காரி. பெமிலா அவளுக்கு மக முறை. அப்போ என்ன ஆச்சு?"

ஃபாதர் நாற்காலியைப் பின்னால் தள்ளினார். "வீட்டுக்காரி இசபெல்லைக் கூட்டிட்டு வாரும்."

வரும் வழியெல்லாம் சிலுவைமுத்து சொல்லிக்கொடுத்தார். இசபெல் விரல்விட்டு எண்ணிக்கொண்டே நடந்தாள். ஃபாதர் முன்னால் நின்றதும் முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு கணக்கை ஆரம்பித்தாள்.

"பெமிலாவுக்க அப்பனுக்க அம்மையும் எனக்க அம்மையும் அக்கா தங்கச்சி மக்க ஃபாதர். அப்போ பெமிலாவுக்க அப்பன் எனக்கு அண்ணன் முறை."

"கேட்டேளா ஃபாதர்" என்றார் சிலுவைமுத்து.

"நீரு சும்ம நில்லும். அண்ணனுக்க மக எனக்கு மகளா? மருமக. அபின் எனக்கு மகன் முறை. அண்ணன் மகளும் தங்கச்சி மகனும் கெட்டுகதுதானே நாட்டுல முறை. இதவிடப் பொருத்தமா ஒரு கெட்டு இந்தக் கரையில நடந்ததில்ல."

ஃபாதர் சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இவ்வளவு தூரத்து உறவு சபைச் சட்டத்தில் தடையே இல்லை என்று சொல்லி அனுப்பிவைத்தார்.

விஷயம் அதோடு நிற்கவில்லை. அன்று சாயங்காலமே மேலத்துறைக்குத் தெரிந்துபோயிற்று. பெமிலாவின் அப்பா ஒரு முழு நெய்மீனோடு பைக்கில் வந்து இறங்கினார்.

"தங்கச்சி" என்றார் இசபெல்லைப் பார்த்து. கண் கலங்கியிருந்தது. "இவ்வளவு நாளும் தெரியாமப் போச்சே." பிறகு சிலுவைமுத்துவைக் கட்டிப்பிடித்தார். "மச்சான், இனி பெமிலாவுக்கு நீருதான் மாமன். மாமன் முறைக்கு நீருதான் மாப்பிள்ளையக் கையப் பிடிச்சு எங்க ஊருக்குக் கூட்டிட்டு வந்து விடணும்."

கட்டிப்பிடித்தது கடை வாசலில் நடந்தது. எதிரே கவிழ்த்துப் போட்ட வள்ளத்தின் மேல் ஷாஜன் உட்கார்ந்திருந்தான். பார்த்தான். நெய்மீனையும் பார்த்தான்.

மறுநாள் பெஞ்சு காலியாகக் கிடந்தது. கமிட்டி முழுவதும் வள்ளத்தின் மேல் இருந்தது.

"என்ன மக்கா, அங்க போய் இருக்கிய?" என்றார் சிலுவைமுத்து.

"நெய்மீன் நல்ல ருசியா இருந்துச்சா அண்ணே?" என்றான் ஷாஜன்.

"ஏலே, நான் கெட்டைத் தடுக்கப் போனேன்."

"தடுக்கப் போனவருதான் மாப்பிள்ளையக் கொண்டுபோய் விடுகாராம்" என்றது வள்ளத்திலிருந்து இன்னொரு குரல். "சென்டர் பார்வர்டைக் குடுத்துட்டு மீன் வாங்கியிருக்காரு."

சிலுவைமுத்துவுக்கு அன்று சோறு இறங்கவில்லை. இனி அபினைத் தக்கவைத்தாலொழியத் தனக்கு இந்த ஊரில் முகமில்லை என்று தெரிந்தது. அணியும் லீக்கை விட்டுப் போய்விடும். யோசித்தார். யோசனை அவருக்குப் பழக்கமில்லாத வேலை, ஆனாலும் ஒன்று கிடைத்தது. பெண்ணுக்குக் கொடுக்கும் வீடு கீழத்துறையிலேயே இருந்துவிட்டால்?

"நம்ம வீட்டைக் குடுத்துருவோம்" என்றார் மனைவியிடம்.

இசபெல் கையில் இருந்த மீன் சட்டியைக் கீழே வைத்தாள். "இது ஜிஷாவுக்குன்னு கெட்டின வீடு. பெத்த பிள்ளைக்கு வெச்சத ஊரான் பிள்ளைக்குக் குடுப்பீரா?"

"ஊரான் பிள்ளையா? மருமகள்னு நீதானே ஃபாதர் முன்னால நீட்டி முழக்கின?"

"நம்ம எங்க கெடக்க?"

"ஐஸ் கடைக்குப் பொறத்தால ஒரு ரூம் இருக்கு. ஜிஷா படிச்சு முடிக்கதுக்குள்ள வேற கெட்டிருவேன்."

பெங்களூரில் நர்சிங் படிக்கிற மகள் போனில் கேட்டாள். "லீவுக்கு வந்தா நான் எங்கப்பா படுக்க?"

"ஐஸ் கடையில மக்கா. ஏசி மாதிரி இருக்கும்."

ஜிஷா லீவுக்குத் தோழி வீட்டுக்குப் போவதாகச் சொல்லி போனை வைத்தாள்.

பெமிலாவின் அப்பா முதலில் சம்மதிக்கவில்லை. "வீடு நாங்கல்லா குடுக்கணும் மச்சான்."

"தங்கச்சி குடுத்தா அண்ணன் குடுத்த மாதிரிதான். சொந்தம்னு சொல்லிட்டு இப்போ பிரிச்சுப் பேசுகீரு?"

அவர் தலையாட்டிவிட்டார். ஆனால் பெமிலா பேசினாள். வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, சுவர்ப் பச்சை கண்ணைக் குத்துகிறது என்றாள். ரோஸ் அடித்தார்கள். அடுக்களை ஜன்னல் வழியாக உப்புக் காற்று வருகிறது என்றாள். ஜன்னலை அடைத்து மறுபக்கம் உடைத்தார்கள். உடைத்த பக்கத்தில் கோழிக்கூடு தெரிகிறது என்றாள். கோழிகளும் ஐஸ் கடைக்குக் குடிபெயர்ந்தன.

"கட்டில் கெடக்கட்டும் அத்தை" என்றாள் கடைசியாக. "நல்ல தேக்குக் கட்டில்."

அது இசபெல் கலியாணத்துக்கு வந்த கட்டில். அவள் புருஷனைத் திரும்பிப் பார்த்தாள்.

"கோல் அடிக்கவன் நல்லா ஒறங்கணும்லா" என்றார் சிலுவைமுத்து, தரையைப் பார்த்துக்கொண்டு.

"அப்போ நீரு நாளைக்கு கோல்போஸ்ட்டுல போய்க் கெடயும்" என்றாள் இசபெல். கலியாணம் முடியும்வரை அவரோடு அவள் பேசிய கடைசி வார்த்தை அதுதான்.

அபினுக்கு ஒரு கவலையும் இல்லை. சம்மதம் கேட்கப் போனபோது வண்டிக் கண்ணாடியைத் திருப்பி வைத்துத் தலை சீவிக்கொண்டிருந்தான்.

"எங்க இருந்தா என்ன சித்தப்பா" என்றான். "பந்து எனக்க காலுல இருந்தா போதும்."

அந்தப் பதிலில் சிலுவைமுத்துவுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. கலைஞன் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று நினைத்தார்.

கலியாணம் நோன்புக்கு முன்னால் நல்லபடியாக முடிந்தது. மாமன் முறைக்குச் சிலுவைமுத்து மாப்பிள்ளையின் கையைப் பிடித்து நடந்தார். மேலத்துறைக்கு அல்ல, தன் சொந்த வீட்டுக்கு. ஷாஜன் வழியில் வெடி போட்டான். வள்ளத்திலிருந்த கமிட்டி பெஞ்சுக்குத் திரும்பியது. தலைவர் பதவி மறுபடியும் தலைவருக்கே வந்தது.

அன்றிலிருந்து அவரும் இசபெல்லும் ஐஸ் கடையின் பின்னறையில் படுத்தார்கள். சுவருக்கு அந்தப்பக்கம் ஐஸ் கட்டிகள், இந்தப்பக்கம் கோழிகள். மாசி மாத வெக்கையில் ஊர் முழுவதும் விசிறிக்கொண்டிருந்தபோது சிலுவைமுத்து மட்டும் மப்ளர் சுற்றிக்கொண்டு தும்மிக்கொண்டிருந்தார். அதை ஒரு பெரிய தியாகமாகத்தான் நினைத்தார். ஒரே ஒருவர் மட்டும் அதைப் பாராட்டவில்லை என்பது அவர் மனதை அரித்துக்கொண்டிருந்தது. கலியாண வீட்டில் ஜஸ்டஸ் தலை தெரியவே இல்லை. வீட்டுக்கு ரோஸ் அடிக்கும் முன்பே முட்டத்தில் ஒரு சாவு வீடு என்று போனவர் இன்னும் திரும்பவில்லையாம்.

திங்கட்கிழமை பயிற்சி தொடங்கியது. சிலுவைமுத்து மப்ளரோடு மைதானத்துக்குப் போனார். மைதானம் என்றால் கடற்கரை மணல்தான். அபின் பந்தோடு ஓடிக்கொண்டிருந்தான். மற்ற பத்துப் பேரும் இடுப்பில் கைவைத்து நின்று அவனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஜஸ்டஸ் விசிலை வாயில் வைத்தபடி அசையாமல் நின்றார்.

"கோச்சு" என்றார் சிலுவைமுத்து. "என்ன, பேயக் கண்ட மாதிரி நிக்கீரு?"

"இவன் எப்பிடி இஞ்ச? மேலத்துறைக்குப் போகலியா?"

"போகவிடுவேனா? எனக்க வீட்டையே குடுத்து இருத்தியாச்சு. பொண்டாட்டிகூட மொகம் குடுக்க மாட்டேங்கா. ஜலதோசம் பிடிச்சுப் போச்சு. பரவால்ல. நீரு கட்டுக டீமுக்கு நான் செஞ்ச உதவின்னு வெச்சுக்கும்."

"எப்பவாவது போவானா?"

"கால் ஓயுததுவரைக்கும் கீழத்துறைதான்."

ஜஸ்டஸ் கழுத்திலிருந்து விசிலைக் கழற்றினார். மணலில் அப்படியே உட்கார்ந்தார். அபின் மூன்று பேரை வெட்டிவிட்டு, திரும்பி வந்து அதே மூன்று பேரை மறுபடியும் வெட்டத் தொடங்கியிருந்தான். சிலுவைமுத்து கைதட்டினார், தும்மினார், மறுபடியும் கைதட்டினார்.

"ஒரு நன்றியாவது சொல்லப்பிடாதா ஓய்?"

ஜஸ்டஸ் தலை நிமிராமலே சொன்னார்.

"இவன் போனாத்தான் மத்த பத்து பேருக்கும் பந்து கிட்டும்னு ரெண்டு வருசமா வீடு வீடா ஏறி எறங்கி, அந்தப் பொண்ணக் கண்டுபிடிச்சு, இந்தக் கெட்டப் பேசி முடிச்சதே நான்தான் அண்ணே."