குட்டி எந்தப் பிரிவு?

பால் எல்லாப் பருவத்திலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்பது குடிமக்களின் உரிமை. அதைக் காக்கத்தான் எங்கள் ஊரில் பால் தர அலுவலகம் இருக்கிறது. ஒட்டகப் பால் குடிப்பது நாகரிகமானதும் அங்கே இரண்டு புதிய பிரிவுகளைத் திறந்தார்கள். பாலின் குணம் ரத்தத்தில் வருகிறது என்று சொல்லப் பரம்பரைப் பிரிவு. தீவனத்திலும் வெயிலிலும் வருகிறது என்று சொல்லச் சூழல் பிரிவு. பரம்பரைக்குத் தலைவர் கணவர், சூழலுக்குத் தலைவி அவர் மனைவி. ஒரே ஸ்கூட்டரில் வருவார்கள். வாசலைத் தாண்டியதும் கடிதம் மூலமாக மட்டும் பேசிக்கொள்வார்கள்.

எங்கள் தெருவுக்குப் பால் ஊற்றும் ஒட்டகக்கார அக்காவிடம் இருந்தது ஒரே ஒட்டகம், அதற்கு ஒரு குட்டி. அந்தக் கோடையில் பால் தண்ணீராக இருந்தது. கலப்படம் என்று சொல்லி உரிமத்தை நிறுத்திவிட்டார்கள். அக்கா அலுவலகத்துக்குப் போனாள்.

"நான் எதையும் கலக்கலைங்க. தண்ணி கிடைக்காத நாள்ல அதோட பால் நீர்த்துத்தான் போகும். குட்டிக்குத் தாகம் எடுக்குமில்ல."

"குடிக்காத தண்ணி பால்ல எப்படிம்மா வரும்?" என்றார் கணவர். "இது தாய் வழிக் கோளாறு."

கடிதம் எழுதும் பொறுமை மனைவிக்கு இல்லை. "எதுக்கெடுத்தாலும் தாய் வழியா? இது முழுக்கச் சூழல். நம்ம பொண்ணு கணக்குல கோட்டை விட்டதும் அப்படித்தான். வீட்டுல எந்நேரமும் டிவி ஓடினா வேற என்ன ஆகும்?"

"உன் தம்பி வீட்டுல டிவியே கிடையாது. அவனும்தான் கோட்டை விட்டான்."

அக்கா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்ப என் உரிமம்?"

ஆய்வு செய்து முடிவெடுப்பது என்று தீர்மானமானது. சூழலை மாற்றிப் பார்ப்பதற்காக ஒட்டகத்தை அலுவலக வராந்தாவில் கொண்டுவந்து கட்டினார்கள். தலைக்கு மேல் மின்விசிறி, வேளாவேளைக்குத் தீவனம், தொட்டி நிறையத் தண்ணீர். ஒட்டகம் நன்றாகச் சாப்பிட்டது, நாள் முழுக்க உட்கார்ந்திருந்தது, வேலை மட்டும் எதுவும் செய்யவில்லை. அலுவலகத்தில் யாருக்கும் அது வித்தியாசமாகத் தெரியவில்லை.

"குட்டி பக்கத்துல நின்னாத்தான் பால் இறங்கும்," என்றாள் அக்கா.

குட்டியை உள்ளே விட அனுமதி வேண்டும். எந்தப் பிரிவு கொடுப்பது? "வயிற்றில் பிறந்தது. ஆகவே பரம்பரை," என்று மனைவி எழுதினார். "பக்கத்தில் நிற்கப்போவது. ஆகவே சூழல்," என்று கணவர் எழுதினார். கோப்பு போய்ப் போய் வந்தது. வீட்டில் குட்டி கத்திக்கொண்டே இருந்ததால் அக்கா கடன் வாங்கி ஒரு கறவை மாடு பிடித்து, அதன் பாலைப் பாட்டிலில் புகட்டினாள்.

கடைசியில் ஒட்டகத்தின் மடி வற்றியது. பால் இல்லாத இடத்தில் கலப்படத்துக்கு முகாந்திரம் இல்லை என்று தீர்ப்பாகி, ஒட்டகமும் உரிமமும் திரும்பி வந்தன. குட்டி தாயைச் சுற்றிச் சுற்றி வந்து முட்டிப் பார்த்தது.

மறுநாள் நாங்கள் பாத்திரத்தோடு போய் நின்றோம். "ஒட்டகம் வத்திப்போச்சு. மாட்டுப் பால்தான் இருக்கு, வேணுமா?" என்றாள்.

நாங்கள் கண்ணடித்தோம். "புரியுதுக்கா. ஒட்டகப் பால்னு ஆபீஸ்காரங்க காதுல விழக்கூடாது, அவ்வளவுதானே? ஊத்துங்க."

ஆபீஸ்காரர்களும் வந்து மாதிரி எடுத்துப் போனார்கள். பால் கெட்டியாக இருந்தது. முதல் தரம் என்று சான்று கொடுத்தார்கள். வம்சத்தின் வலிமை என்றார் கணவர். எங்கள் வராந்தாவின் மகிமை என்றார் மனைவி. இருவரும் ஒரே தாளில் கையெழுத்துப் போட்டது அதுதான் முதல் தடவை.

அக்கா ஓடிப்போய் உண்மையைச் சொன்னாள். ஒட்டகப் பால் என்று சான்று பெற்றதை மாட்டுப் பால் என்று சொல்லி விற்பது தண்டனைக்குரிய குற்றம் என்று எச்சரித்து அனுப்பினார்கள். இப்போது வாயைத் திறக்காமல் ஊற்றுகிறாள்.

நான் தினமும் அரை லிட்டர் ஒட்டகப் பால் வாங்குகிறேன். மாட்டுப் பால் என் வயிற்றுக்குச் சுத்தமாக ஒத்துக்கொள்ளாது.