குவியுமா, விரியுமா?

விடை எவ்வளவு என்று கேட்டால் முகத்தைச் சுளித்து, விடை என்று ஒன்று உண்டா இல்லையா என்பதை மட்டும் கண்டு சொல்லிவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு எழுந்து போகும் ஓர் இனம் நம்மிடையே உலவுகிறது. நீங்களும் பார்த்திருப்பீர்கள். அந்த இனத்தில் அசல் சரக்கு ஒரு கல்லூரிக் கணக்கு வாத்தியார். முடிவில்லாத தூரத்துக்குக் கூட்டிக்கொண்டே போகிற தொகையீடு ஏதோ ஓர் எண்ணில் அடங்கினால் 'குவியும்', அடங்காமல் பெருகினால் 'விரியும்'. இதைத் தீர்மானிப்பதே அவர் பிழைப்பு. மாணவர்கள் வைத்த பெயர், குவியுமா சார்.

ஒருநாள் அவர் வீட்டுச் சமையலறைக் குழாய் ஒழுகத் தொடங்கியது.

"பிளம்பரைக் கூப்பிடுங்க," என்றார் மனைவி.

சார் குழாய்க்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். துளிக்கும் துளிக்கும் இடைவெளி கூடிக்கொண்டே போனது. ஒழுக்கு குறைகிறது. வேறென்ன வேண்டும்?

"வேண்டாம். காலம் பூரா ஒழுகினாலும் மொத்தத் தண்ணி ஒரு அளவுக்குள்ளதான் நிக்கும். குவியும்."

"எந்த அளவு? வாளியா, தொட்டியா?"

"அது வேற கேள்வி."

வாளி நிரம்பியது, அண்டா நிரம்பியது, பழைய போர்வையும் செய்தித்தாளும் குடித்த மட்டும் குடித்துவிட்டுக் கைவிரித்தன. கீழ்வீட்டு வக்கீல் நனைந்த கறுப்புக் கோட்டோடு மேலே வந்தார்.

"சார், எங்க கூரை ஒழுகுது."

"பயப்படாதீங்க, குவியும்."

"குவியுதுதான் சார். என் கட்டில் மேல."

சாருக்குச் சுருக்கென்றது. கட்டிலுக்காக அல்ல, கணக்குக்காக. மறுபடி துளிகளைக் கவனித்தார். குறைகிறது, ஆனால் ஆமை வேகத்தில் குறைகிறது. குறைவதெல்லாம் அடங்கிவிடுமா? போதிய வேகத்தில் அல்லவா குறைய வேண்டும்? கணுக்கால் தண்ணீரில் நின்றபடி, பிள்ளை பெற்ற தகப்பனைப் போல வக்கீலின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"தப்பாச் சொல்லிட்டேன் சார். இது விரியும். முடிவே கிடையாது."

மனைவி தண்ணீரில் சளப் சளப்பென்று நடந்துபோய் வால்வை மூடினார். ஒழுக்கு நின்றது.

"என்ன காரியம் பண்ணிட்ட? இதுக்கு ஒரு முடிவு வந்துடுச்சே," என்றார் சார். "இனிமே இதுல என்ன இருக்கு?"

"தொடைக்கிறது இருக்கு," என்று துடைப்பத்தை அவர் கையில் திணித்தார் மனைவி.

சிரியுங்கள், பரவாயில்லை. ஆனால், போன மாதத்திலிருந்து உங்கள் கடைவாய்ப் பல்லில் ஒரு வலி இருக்கிறதே, 'முன்னைக்கு இப்ப தேவலை' என்று வீட்டில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறீர்களே, அது எந்த வேகத்தில் குறைகிறது என்று பார்த்தீர்களா?