கேமரா வேண்டாதவர்

கேமராவைத் தூக்கிக்கொண்டு உயிரை வாங்குகிறவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கேமரா இல்லாமலே படம் பிடிக்கிற இனம் ஒன்று உண்டு. அது இன்னும் ஆபத்து. மருந்து பூசிய தாளில் ஏதாவதொரு சாமானை வைத்து வெயிலில் காட்டி, தண்ணீரில் அலசினால் தாள் நீலமாகும். சாமான் இருந்த இடம் மட்டும் வெள்ளையாக நிற்கும். செலவு குறைவு. ஏனென்றால் சாமான் எப்போதும் அடுத்தவருடையது.

இந்தோனேசியாவின் யோக்யகர்த்தாவில் எங்கள் சந்துக்கு வாய்த்தவர் பிரமுஜி. அவர் மனைவி ரெத்னோ தெம்பே என்னும் சோயாக் கட்டியைப் பொரித்து விற்பவள். எண்ணெய் காய்ந்து, ஆட்கள் காத்து நிற்க, அரிகரண்டி மட்டும் முற்றத்தில் தாளின்மேல் படுத்திருக்கும்.

"தெம்பே கருகுது, கரண்டிய எடுக்கட்டுமா?"

"தொடாதே! வெளிச்சம் வேலை செய்யுது."

"வீட்டுல அது ஒண்ணாவது வேலை செய்யுதே!"

வீட்டுச் சாமான் தீர்ந்ததும் சந்தில் இறங்கினார். சீப்பு, சாவி, தையற்காரரின் கத்தரிக்கோல். கேட்டு எடுத்தாரா? கலைஞன் கேட்பானா? திருப்பிக் கொடுப்பார், ஞாபகம் வந்தால். எதிர்வீட்டுச் சுமார்னியின் ஜன்னலோரம் இருந்த வெள்ளிக் கொண்டை ஊசியும் அப்படித்தான் போனது. சுமார்னி பழியை மருமகள் வூலான்மேல் போட்டாள். "நான் எடுக்கலை" என்று ஒரே முறை சொல்லிவிட்டு, அந்தப் பெண் பையைத் தூக்கிக்கொண்டு பக்கத்து ஊரான சோலோவிலிருக்கும் தாய்வீட்டுக்குப் போய்விட்டாள்.

பிறகு அந்த நீலப் படங்களுக்குக் கண்காட்சி வந்தது. பிரமுஜி 'இன்மையின் இருப்பு' பற்றிப் பேசிக்கொண்டிருக்க, சந்து மொத்தமும் சுவர் சுவராகத் தன் சாமானைத் தேடிக்கொண்டிருந்தது.

"அட, என் சீப்பு! உடைஞ்ச பல்லுகூடத் தெரியுது!"

சுமார்னி மட்டும் ஒரு படத்தின் முன் அசையாமல் நின்றாள்.

"இந்த ஊசி எங்கிருந்து வந்துச்சு, தம்பி?"

"ஜன்னல்ல சும்மா கிடந்துச்சு, அம்மா. கழுவுற தொட்டியிலதான் இருக்கும், தேடித் தரேன்."

"அத நீயே வச்சுக்க!" படத்தைக் கழற்றி இடுக்கிக்கொண்டு சோலோ பஸ் ஏறினாள்.

வூலான் படத்தை வெகுநேரம் பார்த்தாளாம். "நான் சொன்னப்ப நம்பல. தாள் சொன்னா நம்புறீங்க, இல்ல?" என்றாளாம். சுமார்னி அங்கேயே உட்கார்ந்து அழுதிருக்கிறாள். மருமகள் திரும்பி வந்தாள். மாமியாரோடு முகம் கொடுத்துப் பேச ஒரு மழைக்காலம் கழிய வேண்டியிருந்தது.

பிரமுஜி? 'பிரிந்த குடும்பத்தைச் சேர்த்துவைத்த கலை' என்று அடுத்த அழைப்பிதழில் அச்சடித்துக்கொண்டார்.

சிரிக்கிறீர்களா? நேற்று விருந்தில் எல்லாரும் பசியோடு உட்கார்ந்திருக்க, "யாரும் கை வைக்காதீங்க, ஒரே ஒரு படம்" என்று போனைத் தூக்கியது யார்? குழம்பு ஆறிப்போயிற்று. போகட்டும், படம் நன்றாக வந்ததா?