வரைபடத்தில் அது மேடு

உட்கார்ந்த இடத்திலேயே கோட்டை பிடிக்கிறவர்கள் என்று மனிதரில் ஓர் இனம் உண்டு. சண்டை யாருக்கும் யாருக்கும் என்பது இவர்களுக்கு இரண்டாம் பட்சம். சண்டை என்று ஒன்று நடக்க வேண்டும். தங்கள் தெருவுக்கு எட்டாத தூரத்தில் நடக்க வேண்டும். அந்தச் செய்தி காலைப் பேப்பரில் சுடச்சுட வந்துவிட வேண்டும். இவ்வளவுதான் இவர்கள் கேட்பது. அதிகமா என்ன?

நில அளவை அலுவலகத்தின் தலைமை வரைவாளர் இந்த இனத்தில் உயர்ந்த ரகம். அலுவலகத்தில் அவருக்குத் தளபதி என்று பெயர். முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர்தான். ஆனால் ஒருநாள் அது காதில் விழுந்தபோது அவர் கோபித்துக்கொள்ளவில்லை, சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார்.

வீட்டில் அவர் சமாதானப் பிரியர். மேல்மாடிக் குளியலறையிலிருந்து அவர் கட்டிலுக்கு நேர்மேலே தண்ணீர் சொட்டத் தொடங்கி நான்கு மாதம் ஆகிறது. “போய் ஒரு வார்த்தை கேளுங்களேன்” என்று மனைவி சொல்லும்போதெல்லாம், “எதையும் பேசித் தீத்துக்கலாம், அவசரப்படாதே” என்பார். பேசவும் இல்லை, தீரவும் இல்லை. கட்டிலை மட்டும் ஒன்றரை அடி நகர்த்திப் போட்டார். அதை அந்த அம்மாள் பின்வாங்கல் என்றாள். அவர் புதிய நிலை எடுத்தல் என்றார்.

எல்லையில் சண்டை மூண்ட மறுநாளே, ரெக்கார்டு ரூமிலிருந்து எல்லைப் பகுதியின் பெரிய வரைபடத்தை வரவழைத்து, தன் மேஜைக்குப் பின்னால் தடுப்பில் மாட்டி, நம் படைக்குச் சிவப்புத் தலைக் குண்டூசி, அவர்கள் படைக்கு நீலத் தலை என்று குத்தி, தினமும் பதினொரு மணித் தேநீருக்கு ஸ்கேலும் கையுமாக நின்று, முந்தைய நாள் தளபதிகள் செய்த தவறுகளையெல்லாம் ஒவ்வொன்றாகத் திருத்திக் கொடுக்கத் தொடங்கினார். இந்த அலுவலகத்துப் படங்களின் பிரதிதான் ராணுவத்துக்கும் போகிறது என்பதில் அவருக்குத் தனிப் பெருமை.

சண்டை எதற்காக? காரணத்துக்கு அவரிடம் பஞ்சமே இல்லை. திங்கட்கிழமை அது ஆற்றுத் தண்ணீர். புதன்கிழமை மானப் பிரச்சினை. வெள்ளிக்கிழமைக்குள் வரலாற்றுக் கட்டாயமாகிவிடும்.

“தப்பு யாரு மேல சார்?” என்றார் அட்டெண்டர்.

“ஆரம்பிச்சது அவங்கதான். அதாவது, நாம ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே அவங்க ஆரம்பிக்கறதா இருந்தாங்க.”

“நடுவுல கிராமம் எல்லாம் இருக்கே சார்?”

“மழை பெஞ்சா மண்ணு நனையத்தான்யா செய்யும். போர்னா நாலு பேர் சாகத்தான் செய்வாங்க.”

அந்த நாலுக்குப் பின்னால் எத்தனை பூஜ்யம் போட்டுக்கொள்ள வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. தேநீர் ஆறிக்கொண்டிருந்தது.

ரெக்கார்டு ரூமைப் பார்த்துக்கொள்ளும் பெண்மணியை எல்லோரும் அக்கா என்பார்கள். அவருடைய தம்பி ராணுவத்தில் இருந்தான். சண்டை தொடங்கி ஒரு வாரத்தில் அவர் தளபதியின் மேஜைக்கு வந்து, “சார், ஒன்பதாம் நம்பர் காவல் நிலைன்னா இதுல எது?” என்று கேட்டார். தளபதி ஸ்கேல் நுனியால் ஒரு சிவப்பு ஊசியைத் தொட்டுக் காட்டினார். அதற்குப் பிறகு தினமும் காலையில் வந்ததும் அக்கா அந்த ஊசி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் ரெக்கார்டு ரூமைத் திறப்பார். தனக்கு ஒரு சிஷ்யை கிடைத்துவிட்டதாகத் தளபதி நினைத்துக்கொண்டார்.

இருநூறு பேர் இருந்த ஒன்பதாம் நிலை கைவிட்டுப்போனதாக ஒரு நாள் பேப்பரில் வந்தது.

“அருமையான தந்திரம்” என்று அன்றைய தேநீரைத் தொடங்கினார் தளபதி. “எதிரிய உள்ள இழுக்கறோம். ஒரு பெரிய காரியத்துக்கு இருநூறு பேருங்கறது ஒண்ணுமே இல்ல.” சொல்லிக்கொண்டே ஊசியைப் பிடுங்கி டப்பாவில் போட்டார்.

“அதுல இருந்தவங்க எங்க சார் போனாங்க?”

அக்கா எப்போது வந்து நின்றார் என்று அவர் கவனித்திருக்கவில்லை. தளபதி வரைபடத்தைப் பார்த்தார், டப்பாவைப் பார்த்தார். இந்த இனத்தார் கெட்டவர்கள் என்று நான் சொல்லவே இல்லையே. “பின்னாடி வந்திருப்பாங்கம்மா” என்று அந்த ஊசியைத் திரும்ப எடுத்து, ஒரு விரல்கடை தள்ளிக் குத்தினார்.

“ரொம்ப நன்றி சார்” என்றார் அக்கா.

பத்தொன்பது நாள் அந்த ஊசியை வந்து பார்த்துக்கொண்டிருந்தார். இருபதாம் நாள் ராணுவ மருத்துவமனையிலிருந்து அலுவலகத்துக்குப் போன் வந்தது. தம்பி பிழைத்துவிட்டான். இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை.

போர் நிறுத்தம் என்று செய்தி வந்த அன்று தளபதி மதியச் சாப்பாட்டைத் தொடவில்லை. “இன்னும் ரெண்டே வாரம் விட்டிருக்கலாம்” என்று அட்டெண்டரிடம் தழுதழுத்தார்.

அடுத்த மாதம் அக்காவைப் பார்க்கத் தம்பி ஊன்றுகோலோடு அலுவலகத்துக்கு வந்தான். எல்லோரும் எழுந்து நின்றார்கள். தளபதிதான் முதலில் எழுந்தவர். தன் நாற்காலியையே இழுத்துப் போட்டு உட்கார வைத்தார். அதோடு விட்டிருக்கலாம். விடுவாரா? ஸ்கேலை எடுத்தார்.

“இங்க பாருப்பா. நீங்க இருந்தது மேட்டுல. மேல இருக்கறவனுக்குத்தான் எப்பவும் சாதகம். அந்த மேட்ட நீங்க விட்டிருக்கவே கூடாது.”

“மேடு இல்ல சார், பள்ளம்” என்றான் தம்பி, மரியாதையாக. “முழங்கால் வரைக்கும் தண்ணி. மூணு நாள் அதுலதான் நின்னோம். சுத்தி மேல இருந்து அடிச்சாங்க.”

“இல்லப்பா, மேடுதான். இந்தப் படம் நானே கையால வரைஞ்சது.”

தம்பி வரைபடத்தை நிதானமாகப் பார்த்தான். “எங்க ஆபீசரும் மேடுன்னுதான் சார் சொன்னாரு. அவரு கையிலயும் இந்தப் படம்தான் இருந்துச்சு. அத நம்பித்தான் எங்கள அங்க போட்டாரு.”

தளபதி ஸ்கேலை மேஜையில் வைத்தார்.

அன்று மாலை எல்லோரும் கிளம்பிய பிறகு தளபதி ரெக்கார்டு ரூமுக்குள் போய், பன்னிரண்டு வருடத்துக்கு முந்தைய களப்புத்தகத்தைத் தேடி எடுத்தார். வெயிலில் நடந்து அளந்த எவனோ ஒருவன், நடுவில் பள்ளம் என்று கொட்டை எழுத்தில் எழுதி, அடியில் கோடும் போட்டிருந்தான். படத்தில் மேட்டுக்கும் பள்ளத்துக்கும் ஒரே மாதிரி வளையம்தான்; உள்ளே சிறு கோடுகள் போட்டால்தான் அது பள்ளம். ஒன்பதாம் நிலையின் வளையத்துக்குள் அந்தக் கோடுகள் இல்லை. அவர் போட மறந்திருந்தார். புத்தகத்தை மூடி, எடுத்த இடத்திலேயே திரும்பச் செருகினார்.

அறையைப் பூட்டச் சாவியோடு வாசலில் காத்திருந்த அக்கா, “கிடைச்சுதா சார்?” என்றார்.

“இல்லம்மா. அந்தப் பக்கம் செல்லரிச்சிருக்கு.”

படத்தைத் திருத்தியிருப்பார் என்று நினைக்கிறீர்கள். திருத்தினால் ஏன் என்று கேட்பார்களே? அடுத்த வாரத் தேநீருக்குள் அவரிடம் புதிய கருத்து ஒன்று தயாராகியிருந்தது: ஒன்பதாம் நிலை போனதற்குக் காரணம், நம் ஆட்களுக்கு வரைபடம் படிக்கத் தெரியாததுதான். எல்லோரும் தலையாட்டினார்கள். ஒன்று மட்டும் மாறியிருக்கிறது. ரெக்கார்டு ரூம் பக்கமே அவர் போவதில்லை. வேண்டிய படத்தை அட்டெண்டரை அனுப்பித்தான் வாங்கிக்கொள்கிறார்.

நல்லவேளை, நாம் அப்படி இல்லை என்று நீங்கள் மூச்சு விடுவது கேட்கிறது. ஒரே ஒரு கேள்வி. இவ்வளவு நேரம் படித்தீர்களே, நடுவில் எங்கேயாவது, ‘அதெல்லாம் சரி, கடைசியில் ஜெயித்தது யார்?’ என்று மனதில் ஓடியதா? அதைச் சொல்லாமலே முடிக்கிறானே என்று ஒரு சின்ன எரிச்சல்? அப்படியானால் எழுந்து நில்லுங்கள். இரண்டு காலும் தரையில் படுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் கேளுங்கள், சொல்கிறேன்.